வாசல் பூட்டும் கொல்லைக் கதவும்: மின்னஞ்சல் கணக்கின் பாதுகாப்பு எப்படி இயங்குகிறது

மின்னஞ்சல் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வாசகங்கள் அடிக்கடி காதில் விழுகின்றன. "என் மெயிலில் திருடுவதற்கு என்ன இருக்கிறது, எல்லாம் விளம்பரம்தானே" என்பது ஒன்று. "யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், இனிப் பயமில்லை" என்பது மற்றொன்று. வங்கி வேலையையும் வருமான வரிக் கணக்கையும் கைப்பேசியிலேயே முடித்துவிடும் விவரம் தெரிந்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். முதல் வாசகத்தைச் சொல்பவர் மின்னஞ்சல் கணக்கை வெறும் கடிதப் பெட்டியாக எண்ணுகிறார். இரண்டாவதைச் சொல்பவர் அந்தக் கணக்குக்குள் போவதற்குக் கடவுச்சொல் ஒன்றே வழி என்று நம்புகிறார். இரண்டு எண்ணமும் ஏன் பிழை என்பதைத் தொடக்கநிலை வாசகருக்கு விளங்கும்படி அடியிலிருந்து சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. நம்மில் பெரும்பாலோர் ஜிமெயில் வைத்திருப்பதால் எடுத்துக்காட்டுகள் அதிலிருந்தே வரும். பிற சேவைகளிலும் அடிப்படை இதுவேதான்.

வீட்டுக்கு இரண்டு வழி

பழைய பாணியில் கட்டிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெருவைப் பார்த்த வாசலில் தேக்குக் கதவு, கனத்த பூட்டு. பின்னால் கொல்லையில் ஒரு கதவு. அதற்கு ஒரு தாழ்ப்பாள் மட்டும். சாவியை மறந்துவிட்டு வெளியே போன வீட்டுக்காரர் சுற்றிக்கொண்டு வந்து அந்தக் கதவைத் தட்டி உள்ளே போவார், அல்லது தாழ்ப்பாளை எப்படி நெம்பித் திறப்பது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்தது அடுத்த வீட்டாருக்கும் தெரிந்திருக்கலாம். இந்த வீட்டின் பாதுகாப்பை வாசல் பூட்டின் எடையை வைத்து யாரும் மதிப்பிட மாட்டார்கள். கொல்லைக் கதவு எவ்வளவு உறுதியோ வீடும் அவ்வளவுதான் உறுதி.

மின்னஞ்சல் கணக்கில் கடவுச்சொல்தான் வாசல் பூட்டு. உள்நுழையும் பக்கத்தில் அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் "கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?" என்ற வரிதான் கொல்லைக் கதவு. அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டுக்குக் கணக்கு மீட்பு என்று பெயர்: கடவுச்சொல்லைச் சொல்ல முடியாத ஒருவர், தாம்தான் உரிமையாளர் என்பதை வேறு சான்றுகளால் நிறுவி உள்ளே போவது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் இருக்கிறதா என்று கவலைப்படுகிற நாம், அந்த வேறு சான்றுகள் எவை, அவை இன்று யாரிடம் இருக்கின்றன என்று பார்ப்பதே இல்லை.

எல்லாத் தளங்களும் மின்னஞ்சலை நம்புவது ஏன்

ஒரு கடைத் தளத்தில் கடவுச்சொல்லை மறந்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். தளம் யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எண் ஒன்றை அந்த நொடியில் உருவாக்கி, அதை ஓர் இணைப்பில் பொதிந்து, நீங்கள் பதிவு செய்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புகிறது. அந்த இணைப்பு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் செல்லும். பெரும்பாலும் ஒரு முறைதான் பயன்படும். அதைச் சொடுக்குபவர் எவரோ அவரையே தளம் உரிமையாளராக ஏற்றுப் புதிய கடவுச்சொல்லை அமைக்க விடுகிறது. உங்களைப் பார்த்திராத தளத்துக்கு உங்களை அடையாளம் காண வேறு எளிய வழி இல்லை. ஆகவே "இந்த முகவரிக்கு வரும் கடிதத்தைப் படிக்க முடிகிறவர் இந்த நபர்தான்" என்ற ஒற்றை அனுமானத்தின் மேல் இணையத்தின் பெரும்பகுதி நிற்கிறது.

இதிலிருந்து வரும் விளைவு பெரியது. உங்கள் மின்னஞ்சலுக்குள் வந்துவிட்ட ஒருவருக்கு ஃபேஸ்புக், அமேசான், ரயில் முன்பதிவு, மேகச் சேமிப்பில் இருக்கும் குடும்பப் படங்கள் ஆகியவற்றின் கடவுச்சொற்கள் எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு தளத்திலும் மறந்துவிட்டதாகச் சொன்னால் போதும். இணைப்பு அவர் கையில் இருக்கும் பெட்டிக்கே வந்து சேரும். எந்தெந்தத் தளத்தில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது என்பதைப் பழைய "நல்வரவு" கடிதங்களே அவருக்குச் சொல்லிவிடும். இதனோடு, எப்போதோ யாருக்கோ அனுப்பிய ஆதார் நகல், பான் அட்டை, சம்பளச் சீட்டு, பத்திர நகல் எல்லாம் "அனுப்பியவை" பகுதியில் அப்படியே கிடக்கின்றன. விளம்பரக் கடிதங்கள் மட்டுமே வருகிற பெட்டியானாலும், இந்த மீட்பு இணைப்புகள் வந்து சேரும் இடம் என்பதாலேயே அது திருடுவதற்குத் தகுந்த பொருள்.

சுருக்கமாக: மற்றக் கணக்குகளுக்கெல்லாம் மீட்பு வழி மின்னஞ்சல். ஆகவே மின்னஞ்சலுக்கே மீட்பு வழி எது என்பது அடுத்த கேள்வி.

மீட்பு வழி யார் கையில் இருக்கிறது

ஒரு காலத்தில் மீட்புக்கு ரகசியக் கேள்விகள் இருந்தன: பிறந்த தேதி, முதல் பள்ளி, தாயாரின் குடும்பப் பெயர். 2008-இல் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ கணக்குக்குள் ஒரு கல்லூரி மாணவர் இந்த வழியாகத்தான் நுழைந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்பவைதான் அவர் கடக்க வேண்டியிருந்த தடைகள்; மூன்றுக்கும் விடை பொதுவெளியில் இருந்தது. கடவுச்சொல்லை யாரும் உடைக்கவில்லை.

இதைவிட அதிகம் கற்றுத்தரும் நிகழ்வு 2012 ஆகஸ்டில் நடந்தது. வயர்டு இதழில் எழுதிவந்த மேட் ஹோனன் என்ற பத்திரிகையாளரின் ட்விட்டர் பெயர் மூன்றே எழுத்துகள் கொண்டது. அது சிலருக்குப் பிடித்துப்போனது. அவருடைய ட்விட்டர் கணக்கின் மீட்பு வழி ஜிமெயில். ஜிமெயிலின் மீட்பு வழி ஆப்பிள் நிறுவனத்து மின்னஞ்சல். ஆப்பிளின் தொலைபேசி உதவி மையம் அன்று கேட்ட சான்றுகள் வீட்டு முகவரியும் கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும். அந்த நான்கு இலக்கங்களை அமேசான் தன் பக்கத்தில் வெளிப்படையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அமேசான் கணக்கையோ தொலைபேசியில் பேசியே கைப்பற்ற முடிந்தது. ஆக அமேசானில் தொடங்கி, ஆப்பிள் வழியாக, ஜிமெயிலைப் பிடித்து, ட்விட்டரை அடைந்தார்கள். வழியில் அவருடைய கூகுள் கணக்கை நீக்கினார்கள். கைப்பேசி, ஐபேட், மடிக்கணினி மூன்றையும் தொலைவிலிருந்தே துடைத்தழித்தார்கள். மகளின் முதல் ஆண்டுப் படங்கள் அந்த மடிக்கணினியில் இருந்தன. ஒரு நிறுவனம் ரகசியமல்ல என்று கருதியதை இன்னொரு நிறுவனம் அடையாளச் சான்றாக ஏற்றது. பாதுகாப்புச் சங்கிலி அந்த இடத்தில் அறுந்தது. அமேசானும் ஆப்பிளும் அதற்குப் பிறகு தங்கள் நடைமுறைகளை மாற்றிக்கொண்டன.

நம் ஊரில் இந்தச் சங்கிலி வேறு வடிவத்தில் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க மின்னஞ்சல் வேண்டும் என்றவுடன் சிற்றூர்ப் பிள்ளைகள் பலர் பிரவுசிங் சென்டருக்குத்தான் போகிறார்கள். பின்னால் வரிசை நிற்கிறது. கடைக்காரர் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, பெயரோடு 123 சேர்த்துக் கடவுச்சொல் வைத்து, விண்ணப்பத்தின் பின்பக்க மூலையில் பேனாவால் எழுதிக் கொடுக்கிறார். சரிபார்ப்புக் குறியீடு வர ஒரு கைப்பேசி எண் வேண்டும். அப்பாவின் போனுக்கு அழைத்தால் எடுக்கவில்லை. கடைக்காரர் தம் எண்ணையே கொடுத்து வேலையை முடித்துவிடுகிறார். அவர் உதவிதான் செய்தார். ஆனால் அந்தப் பிள்ளை படித்து முடித்து, வேலையில் சேர்ந்து, வங்கிக் கணக்கையும் டிஜிலாக்கரையும் அதே முகவரியோடு இணைத்த பிறகும் கணக்கின் மீட்பு எண் அந்தக் கடையில் இருக்கும் போனாகவே இருக்கக்கூடும். பெற்றோருக்குப் பிள்ளைகள் தொடங்கித் தரும் கணக்குகளிலும் இதே நிலைதான். அங்கே ஆபத்து குறைவு, ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகனின் எண்ணுக்குக் குறியீடு போய், இங்கே அப்பா உள்ளே போக முடியாமல் நிற்பார்.

எண் நம்முடையதாகவே இருந்தாலும் அது என்றைக்கும் நம்முடையதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் சில மாதங்களில் நிறுத்தப்படுகிறது. பிறகு அதே எண் வேறொருவருக்குப் போகிறது. நிறுத்தப்பட்ட எண்ணைக் குறைந்தது 90 நாட்களுக்குப் புதிய வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. 90 நாட்களுக்குப் பிறகு தரலாம் என்பதுதான் அதன் மறுபக்கம். எண்ணை மாற்றுபவர்கள் வங்கிக்கும் எரிவாயு முகவருக்கும் மறக்காமல் சொல்கிறார்கள். மின்னஞ்சலின் மீட்பு எண்ணை மாற்ற வேண்டும் என்பது நினைவுக்கு வருவதில்லை.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்புத் தொலைபேசி, மீட்பு மின்னஞ்சல் என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பாருங்கள். மீட்பு மின்னஞ்சலாகக் கல்லூரி முகவரியோ பழைய அலுவலக முகவரியோ இருந்தால் அது இன்று உங்கள் கையில் இல்லை; மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு வாரம் வரை பழைய எண்ணுக்கோ முகவரிக்கோ குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் வைத்திருக்கிறது; திருடன் மாற்றியிருந்தால் உரிமையாளர் திரும்பி வர வழி வேண்டும் என்பதற்காகவே இந்த அவகாசம். இரண்டு ஜிமெயில் கணக்குகளை ஒன்றுக்கொன்று மீட்பு வழியாக வைப்பது பலருடைய வழக்கம். இரண்டும் ஒரே கைப்பேசியில் திறந்திருந்தால் அந்தக் கைப்பேசி தொலையும் நாளில் இரண்டும் சேர்ந்தே மூடிக்கொள்ளும்.

கணக்கை இழந்தவர்கள் செய்யும் ஒரு காரியத்தை இங்கே எச்சரித்தே ஆக வேண்டும். அவர்கள் "ஜிமெயில் வாடிக்கையாளர் சேவை எண்" என்று இணையத்தில் தேடுகிறார்கள். கடவுச்சொல்லை மீட்டுத் தருவதற்காகக் கூகுள் எந்தத் தனியாரையும் தொலைபேசிச் சேவையையும் அமர்த்தவில்லை. அப்படித் தேடிக் கிடைக்கும் எண்ணில் அன்பாகப் பேசி, ஒரு செயலியை நிறுவச் சொல்லி, சிறு கட்டணம் கேட்பவர் அடுத்த திருடர்.

இந்தப் பகுதியின் சாரம் இது: மீட்பு எண், மீட்பு முகவரி இரண்டும் இன்று உங்கள் கைக்கு எட்டுபவையாகவும் பிறர் கைக்கு எட்டாதவையாகவும் இருக்க வேண்டும். இதைச் சரிசெய்யாமல் கடவுச்சொல்லை மட்டும் கடினமாக்குவதில் பெரிய பயன் இல்லை.

கடவுச்சொல் எப்படி வெளியே போகிறது

ஒழுங்காக நடத்தப்படும் தளம் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தி, வெளியே வரும் எழுத்துக்கோவையை மட்டும் வைத்துக்கொள்கிறது. இந்தக் கோவைக்கு ஹாஷ் என்று பெயர். ஒரே சொல்லைக் கொடுத்தால் ஒரே ஹாஷ் வரும். ஹாஷிலிருந்து சொல்லுக்குத் திரும்பிப் போக நேர்வழி கிடையாது. நீங்கள் உள்நுழையும்போது தளம் மறுபடியும் கணக்கிட்டு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது. தளத்தின் பதிவேடு திருடுபோனாலும் திருடர் கையில் இருப்பவை ஹாஷ்கள்தான். அவர் கோடிக்கணக்கான சொற்களைத் தம் கணினியில் ஒவ்வொன்றாகச் செலுத்தி, எந்தச் சொல்லுக்கு இந்தக் கோவை வருகிறது என்று தேடுவார். பெயரோடு 123 சேர்த்த சொல் முதல் சில நொடிகளில் சிக்கும்.

யாஹூவில் 2013-இல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகளின் விவரங்கள் வெளியேறின என்று அந்நிறுவனம் 2017-இல் ஒப்புக்கொண்டது. இத்தகைய பட்டியல்களைக் கையில் வைத்திருப்பவர் யாஹூவோடு நிற்க மாட்டார். அதே முகவரியையும் அதே சொல்லையும் நூறு தளங்களில் முயன்று பார்ப்பார். எப்போதோ பதிவு செய்து மறந்துபோன ஏதோவொரு தளத்தில் நீங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே கொடுத்திருந்தால், அந்தத் தளத்தின் அலட்சியம் உங்கள் மின்னஞ்சலைத் திறந்துவிடும். ஆகவே மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறெங்கும் பயன்படாததாக இருக்க வேண்டும் என்பது முதல் விதி. நீளமாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காரணமில்லாமல் குறிப்பிட்ட நாட்களுக்கொரு முறை மாற்றச் சொல்வதையும் குறிகளையும் எண்களையும் கட்டாயப்படுத்துவதையும் கைவிடச் சொன்னது. நீளத்தையும், ஏற்கெனவே கசிந்த பட்டியல்களில் இல்லாதிருப்பதையும்தான் அது வலியுறுத்துகிறது. முருங்கை, தபால், நெல்லிக்காய், சைக்கிள் என்பதைப் போலத் தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்துகளில் தட்டினால் நினைவில் நிற்கும், ஊகிப்பதும் கடினம். இங்கே அச்சிட்ட சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்றத் தளங்களின் கடவுச்சொற்களைக் கடவுச்சொல் மேலாளர் என்ற மென்பொருள் உருவாக்கி வைத்துக்கொள்ளும். கைப்பேசியிலும் உலாவியிலும் அது உள்ளடங்கியே வருகிறது.

நாமே கையில் கொடுத்துவிடும் முறை

உடைப்பதைவிடக் கேட்டு வாங்குவது எளிது. உண்மையான நிறுவனத்தைப் போல் வேடமிட்டு, போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டவைப்பதை ஃபிஷிங் என்கிறார்கள். 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, யாரோ உக்ரைனிலிருந்து உங்கள் கடவுச்சொல்லைப் பயன்படுத்தினார்கள், உடனே மாற்றுங்கள் என்று கூகுளின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. குழுவின் கணினி உதவியாளர் அதைப் பார்த்துவிட்டு, இது முறையான கடிதம் என்று பதில் எழுதினார். முறையற்றது என்று எழுத நினைத்துத் தவறிவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். அதே பதிலில் கூகுளின் சரியான பக்கத்து முகவரியையும் அவர் கொடுத்திருந்தார். ஆனால் சொடுக்கப்பட்டது கடிதத்தில் இருந்த பொத்தான். அந்த ஆண்டு அக்டோபரில் பொடெஸ்டாவின் கடிதங்கள், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் வெளிவந்தன.

அனுப்பியவர் பெயர் என்று மேலே தெரிவது ஏன் சான்றாகாது என்பதற்குக் காரணம் மின்னஞ்சலின் அடித்தளத்திலேயே இருக்கிறது. கடிதம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முறை 1982-இல் எழுதி முறைப்படுத்தப்பட்டபோது, அனுப்புபவர் தம்மைப் பற்றிச் சொல்வதை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் அனுப்பும் தளத்தைச் சரிபார்க்கும் முறைகள் சேர்க்கப்பட்டன. நாளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் அவற்றைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் கேட்கிறது. இவை கடிதம் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதை உறுதிசெய்யும். அந்தத் தளத்தை நடத்துபவர் நல்லவரா என்பதைச் சொல்லாது.

ஆகவே பார்க்க வேண்டியது உலாவியின் முகவரிப் பட்டை. அதில் தளத்தின் பெயர் முடிந்து முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். "கூகுள்.காம்.கணக்கு-உதவி.நெட்" என்று இருந்தால் அந்தத் தளத்தின் உரிமையாளர் "கணக்கு-உதவி.நெட்"; முன்னால் ஒட்டியிருக்கும் கூகுள் வெறும் அலங்காரம். பூட்டுப் படம் இருப்பதால் தளம் உண்மையானது என்று கொள்வதும் தவறு. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள், போலித் தளத்துக்கும் அது கிடைக்கும். இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் கவனிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எளிய பழக்கம் ஒன்று போதும்: கணக்கைப் பற்றி எச்சரிக்கும் கடிதம் எதிலும் இருக்கும் இணைப்பைத் தொடாமல், கணக்குப் பக்கத்தை நீங்களாகத் திறந்து பாருங்கள். எச்சரிக்கை உண்மையானால் அங்கேயும் இருக்கும்.

இரண்டாவது சான்று: எது எவ்வளவு தூரம் காக்கும்

கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது இருபடிச் சரிபார்ப்பு. இதிலும் வகைகள் உண்டு. எல்லாவற்றையும் ஓடிபி என்ற ஒரே பெயரால் அழைப்பதால் குழப்பம் வருகிறது.

குறுஞ்செய்தியில் வரும் குறியீடு உங்கள் சிம்மை நம்பியிருக்கிறது. போலி ஆவணம் கொடுத்து உங்கள் எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கியவருக்கு அந்தக் குறியீடு போய்விடும். ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் குறியீடு எங்கிருந்தும் வருவதில்லை. அமைக்கும்போது நீங்கள் படம்பிடிக்கும் கட்டச் சித்திரத்தில் (கியூஆர் கோடு) ஒரு ரகசிய எண் இருக்கிறது. அது உங்கள் கைப்பேசியிலும் கூகுளிடமும் மட்டும் இருக்கும். இரு தரப்பும் அந்த எண்ணையும் அப்போதைய நேரத்தையும் ஒரே கணக்கீட்டுக்குள் செலுத்துவதால், 30 நொடிக்கு ஒரு முறை இரண்டு இடத்திலும் ஒரே ஆறிலக்க எண் பிறக்கிறது. அதனால்தான் சிக்னல் இல்லாத இடத்திலும் அந்தச் செயலி வேலை செய்கிறது. சிம் மோசடி இதைத் தொடாது. ஆனால் போலிப் பக்கம் கடவுச்சொல்லைக் கேட்டபின் குறியீட்டையும் கேட்டு, அடுத்த நொடியே உண்மையான தளத்தில் தட்டிவிட்டால் இதுவும் தோற்கும்.

அந்த ஓட்டையை அடைப்பது பாஸ்கீ. உங்கள் சாதனம் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ஒரு சோடி எண்களை உருவாக்குகிறது. ஒன்றைத் தளத்திடம் கொடுக்கிறது. மற்றொன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. உள்நுழையும்போது தளம் புதிதாக ஒரு புதிரை அனுப்ப, சாதனம் உங்கள் விரல்ரேகையையோ திரைப்பூட்டையோ கேட்டுவிட்டுத் தன்னிடமுள்ள எண்ணால் அதற்குக் கையொப்பமிடுகிறது. அந்த எண் தளத்தின் பெயரோடு பிணைந்தது. "கணக்கு-உதவி.நெட்" எவ்வளவு நேர்த்தியாக வேடமிட்டாலும் கூகுளுக்கான பாஸ்கீயைச் சாதனம் அதற்குக் காட்டாது. ஏமாந்து தட்டிக் கொடுப்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லை. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022-இல் இந்த முறையைச் சேர்ந்தே ஆதரிப்பதாக அறிவித்தன; ஓரளவு புதிய கைப்பேசி எதிலும் சில நிமிடங்களில் அமைத்துவிடலாம். முகவரிப் பட்டையைப் படிக்கச் சிரமப்படும் வயதான பெற்றோருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இருபடிச் சரிபார்ப்பை இயக்கும்போதே கூகுள் தரும் காப்புக் குறியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு இலக்கம் கொண்ட பத்துக் குறியீடுகள். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். தாளில் அச்சிட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைக்க வேண்டும். கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் கைப்பேசியோடு அதுவும் தொலையும்.

மூன்றையும் தரவரிசைப்படுத்தினால் குறுஞ்செய்தி கடைசி, செயலி அடுத்தது, பாஸ்கீ முதல். ஆயினும் குறுஞ்செய்தியாவது இருப்பது எதுவுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

உள்ளே வந்தவர் எப்படித் தங்கிவிடுகிறார்

கடவுச்சொல்லை மாற்றியதும் ஆபத்து தீர்ந்ததாக எண்ணுவது ஏன் பிழை என்பது இங்கேதான் விளங்கும். ஒரு முறை உள்நுழைந்தபின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கடவுச்சொல்லை நாம் தட்டுவதில்லை. தளம் உலாவிக்கு ஓர் அனுமதிச் சீட்டைக் கொடுத்துவிடுகிறது. அதைக் காட்டும்வரை உள்ளே இருக்கலாம். இந்தத் தொடர்ச்சிக்கு அமர்வு என்று பெயர். பிரவுசிங் சென்டரில் வெளியேறாமல் எழுந்து வந்தால் அங்கே அமர்வு உயிரோடு இருக்கும். திருட்டு மென்பொருள் இந்தச் சீட்டையே களவாடினால் கடவுச்சொல்லும் இரண்டாவது சான்றும் கேட்கப்படவே மாட்டா. கூகுள் கணக்கின் "உங்கள் சாதனங்கள்" பகுதியில் எல்லா அமர்வுகளும் தெரியும். அறியாத சாதனத்தை அங்கிருந்தே வெளியேற்றலாம். கடவுச்சொல்லை மாற்றினால் பெரும்பாலான அமர்வுகள் தாமாகவே முடிந்துவிடும், எல்லாமும் அல்ல.

அமர்வு போனாலும் நிலைக்கும் ஏற்பாடுகள் ஜிமெயில் அமைப்புகளுக்குள் இருக்கின்றன. வரும் கடிதம் ஒவ்வொன்றின் நகலையும் வேறொரு முகவரிக்கு அனுப்பும்படி அமைக்கலாம், இது முன்னனுப்புதல். குறிப்பிட்ட கடிதம் வந்தால் இன்னது செய் என்று கட்டளையிட வடிப்பான் என்றொரு வசதி உண்டு. "வங்கி" என்ற சொல் இருக்கும் கடிதங்களைப் படித்ததாகக் குறித்துக் குப்பைக்கு அனுப்பு என்று ஒரு வடிப்பானைப் போட்டுவிட்டால், பணம் போகும்போது வரும் எச்சரிக்கை உரிமையாளர் கண்ணில் படவே படாது. கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் இவை இரண்டும் அசையாமல் இருக்கும், ஏனென்றால் இவை உள்நுழைவோடு தொடர்பற்ற அமைப்புகள். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் வடிப்பான்கள் பகுதியையும் முன்னனுப்புதல் பகுதியையும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். கைப்பேசிச் செயலியில் இவற்றை முழுமையாகப் பார்க்க இயலாது.

மூன்றாவது வழி, பிற செயலிகளுக்கு நாம் கொடுக்கும் அனுமதி. 2017 மே மாதத்தில் "கூகுள் டாக்ஸ்" என்று பெயர் சூட்டிக்கொண்ட ஒரு போலிச் செயலி மின்னஞ்சல் வழியாகப் பரவியது. அது யாருடைய கடவுச்சொல்லையும் கேட்கவில்லை. கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கத்திலேயே, கடிதங்களையும் தொடர்புகளையும் கையாள இசைவு கேட்டது. கொடுத்தவர்களின் தொடர்புகளுக்கெல்லாம் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. கணக்குப் பக்கத்தில் மூன்றாம் தரப்புச் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. எதற்காகக் கொடுத்தோம் என்று நினைவில்லாத அனுமதிகளை ரத்து செய்துவிடலாம். உண்மையில் தேவையானால் அந்தச் செயலி மறுபடி கேட்கும்.

ஆகவே கணக்கு பறிபோனதாக ஐயம் எழுந்தால், நம்பகமான வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாமல், மீட்பு எண்ணும் முகவரியும் உங்களுடையவைதானா, அறியாத அமர்வோ பாஸ்கீயோ இருக்கிறதா, வடிப்பானும் முன்னனுப்புதலும் யார் போட்டவை, எந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்ற நான்கையும் அன்றே பார்க்க வேண்டும். பணம் போயிருந்தால் இந்தியாவில் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற அரசு உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பைக் குறைக்கிறது.

கணக்கை நல்ல நிலையில் வைத்திருப்பது

திருட்டு இல்லாமலும் கணக்கு கைவிட்டுப் போகலாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் ஜிமெயில், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் பொதுவானது. குடும்பப் படங்களால் அது நிரம்பிவிட்டால் கடிதம் வருவதே நின்றுவிடும். நேர்முகத் தேர்வு அழைப்பு திரும்பிப் போன பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது. தேடும் பெட்டியில் பத்து எம்பிக்கு மேற்பட்ட கடிதங்களை மட்டும் தேடி நீக்கினால் விரைவில் இடம் கிடைக்கும்; குப்பையில் 30 நாட்கள் இருந்துவிட்டே அவை முழுதாக அழியும், உடனே இடம் வேண்டுமானால் குப்பையையும் காலி செய்ய வேண்டும். அப்படித் தேடும்போதே ஆதார், பான், பத்திரம் ஆகிய இணைப்புகள் கொண்ட பழைய கடிதங்களைத் தரவிறக்கி வேறிடத்தில் வைத்துக்கொண்டு பெட்டியிலிருந்து நீக்குவது நல்லது. இல்லாததை யாராலும் திருட முடியாது.

இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. மீட்பு முகவரிக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது கணக்குதான் இதில் முதலில் அடிபடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அதற்குள் போய் ஒரு கடிதத்தைத் திறந்துவிட்டு வர வேண்டும்.

உரிமையாளருக்கு ஏதேனும் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமைப்பு இருக்கிறது. செயல்படாத கணக்கு நிர்வாகி என்ற பகுதியில், மூன்று மாதம் முதல் 18 மாதம் வரை ஒரு காலத்தைக் குறித்து, அதுவரை கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், கணக்கில் இருப்பவற்றில் எந்தெந்த வகைத் தரவை அவர்கள் தரவிறக்கலாம், அதன்பின் கணக்கை அழிக்கலாமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். பத்துப் பேர் வரை குறிப்பிட முடியும். வங்கிக் கணக்குக்கு வாரிசுதாரரை நியமிப்பவர்கள், காப்பீட்டுப் பத்திரங்களும் பங்குச் சந்தை அறிக்கைகளும் வந்து சேரும் இந்தப் பெட்டிக்கும் ஒருவரைக் குறித்துவைத்தால், பின்னால் வருபவர்கள் எந்த நிறுவனத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அலைய வேண்டியிருக்காது.